பத்து ஸ்டாப் கறுப்பு

பகல் வெளிச்சத்தில் ஓடுகிற தண்ணீரைப் பாலாக்கிக் காட்டும் போட்டோக்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒன்று தொங்கும். நகைக்கடைக் காலண்டரில் ஒன்று இருக்கும். எந்த நாட்டு ஓடையாக இருந்தாலும் படத்தில் எல்லாம் ஒரே ஓடைதான், கல்லுக்கு மேலே யாரோ தலையணைப் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல. தண்ணீர் என்றால் இரையும், தெறிக்கும், குப்பையைக் கொண்டுவந்து காலடியில் ஒதுக்கும். அதையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டு வழுவழுவென்று ஒரு பாலை ஓடவிட்டு, ஆகா என்ன அமைதி என்கிறார்கள். அமைதியாவது மண்ணாங்கட்டியாவது.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தப் பாலை நானே காய்ச்சியிருக்கிறேன். ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன் நான். கோயில் கல்யாணம், சேர்ச் கல்யாணம், சடங்கு வீடு, அடையாள அட்டைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளைகள், இவ்வளவுதான் என் தொழில். பந்தியில் சோறு தின்கிற வாய்களைப் படம் எடுத்து எடுத்து எனக்குச் சோற்றின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டிருந்த ஒரு காலத்தில்தான் ஒரு பங்களா மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

தலவாக்கலைக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தில் பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களா ஒன்று உண்டு. அதை ஒரு கொம்பனி எடுத்து, வெள்ளையடித்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஹோட்டலாக்கியிருந்தது. மேனேஜர் கொழும்புத் தமிழர், இளவயதுக்காரர், பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை. மரியாதையாகப் பேசிக்கொண்டே முகத்தில் காறித் துப்புகிறவர்களை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை.

“முன் ஹோல்ல ஒரு சுவர் முழுக்க வார மாதிரி ஒரு படம் வேணும்,” என்றார். “எங்கட புல்வெளியில நின்னு பார்த்தா தெரியுதே, அந்தச் சரிவு, அந்த ஓடை, பனிமூட்டம். தண்ணி பட்டு மாதிரி வரணும். ஆக்கள் மட்டும் வேணாம். எப்ப பார்த்தாலும் அந்தச் சரிவுல யாராவது குனிஞ்சுகிட்டே நிக்கிறாங்க. பார்வை கெட்டுப்போகுது.”

“பகல்ல ஆள் இல்லாம எப்படி சேர்?”

“அதுக்கு ஏதோ கறுப்புக் கண்ணாடி இருக்காமே. லென்சுக்கு முன்னால போட்டா, அசையிறதெல்லாம் காணாமப் போகுமாம்.”

குனிந்துகொண்டே நிற்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மேலே கொழுந்து எடுக்கிறவர்கள், கீழே மரக்கறிப் பாத்தியில் களை பிடுங்குகிறவர்கள். அதில் ஒருத்தி என் அக்கா. பார்வையைக் கெடுக்கிறாளாம். அப்போதே போனை வைத்திருக்க வேண்டியவன்தான். ஆனால் என் படம் ஒன்று ஒரு சுவர் முழுக்கத் தொங்கப்போகிறது என்ற ஆசை தலைக்கேறிவிட்டது. சரி சேர், எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்கு மூத்தவள். அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். மச்சானும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருக்கிறாள். மழை பெய்தால் கட்டிலை எந்த மூலைக்கு இழுப்பது என்பதுதான் அந்த வீட்டின் பெரிய யோசனை. லயத்துக்குக் கீழே ஓடையோரம் அவளுக்கு ஒரு பாத்தி இருக்கிறது. கரட், லீக்ஸ், கொஞ்சம் போஞ்சி. கல்லும் வேரும் தோண்டி எறிந்து அவள் கையாலேயே திருத்தின இடம். அந்தச் சரிவை லயத்து ஆட்களுக்கு வீடு கட்டிக்கொள்ள, ஆளுக்கு ஏழு பேர்ச் நிலமாகப் பிரித்துத் தருவதாகச் சொல்லி வருடக்கணக்காகிறது. அக்காவுக்கு அவள் பாத்தியே கிடைத்தால் போதும். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்பதுவரை அவள் முடிவு செய்து வைத்திருக்கிறாள். இதை எழுதுகிற இன்றுவரை அந்தக் காணி கைக்கு வரவில்லை.

அளக்க வராமல் இல்லை. வருவார்கள். மூன்று கால் ட்ரைபொட்டை ஊன்றுவார்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள், பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஆட்களெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வந்து, “இங்கே ஒருவரும் இல்லை, இது சும்மா கிடக்கிற இடம்” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பாத்தியில் கரட் விளைந்து நிற்கிறது, ஆளில்லையாம். அன்றிலிருந்து லயத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எவனாவது மூன்று காலை ஊன்றுகிற மாதிரித் தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் கூ என்று குரல் கொடுப்பார். எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்து அவரவர் பாத்தியில் ஏறி நிற்பார்கள். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் குருவி பார்க்கிற பெரிய குழாயை ட்ரைபொட்டில் மாட்டிக்கொண்டு நின்றார். லயமே இறங்கிப் போய்ப் பாத்தியில் நின்றது. அந்த மனிதர் குருவியை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்துக் கையசைத்தாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்து முடிந்ததும் காறித் துப்புவாள்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். பகலில் கமராவின் வாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும், அவ்வளவு வெளிச்சம். அதனால் லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்தை நெரிக்க வேண்டும். எவ்வளவு நெரிக்கிறது என்பதற்கு ஸ்டாப் என்று கணக்கு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி. இரண்டு என்றால் பாதியில் பாதி. பத்து ஸ்டாப் என்றால் அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடந்தால் சாக்கடைக் கானுக்குள் விழுவீர்கள்.

முதலில் கஞ்சத்தனமாகத்தான் தொடங்கினேன். தெரிந்த ஒருவரின் பட்டறையிலிருந்து வெல்டிங் கண்ணாடி ஒன்றை வாங்கி, ரப்பர் பட்டியால் லென்சில் கட்டிப் பார்த்தேன். கந்தப்பளைப் பக்கம் ஒரு மலையை எடுத்தேன். மலை, வானம், பஸ், கோயில், எல்லாம் பாசி பிடித்த தொட்டிக்குள் கிடந்தன. பிறகு போனில் பார்த்து, திருகினால் இருள்கிற கண்ணாடி ஒன்றை வரவழைத்தேன். இரண்டிலிருந்து எத்தனையோ ஸ்டாப் வரைக்கும் ஒரே கண்ணாடி என்று அதில் பெருமையடித்திருந்தார்கள். கொஞ்சம் கூடத் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு விழுந்தது. பரீட்சைத் தாளில் வாத்தியார் தப்புப் போட்டது போல இருந்தது. அதைத் தூக்கி மேசைக்கடியில் எறிந்தேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கடைசியில் கொழும்புக்கே போனேன். கமராச் சாமான் விற்கிற கடை. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, தரையில் நம் முகம் தெரிகிற பளபளப்பு. விற்கிற ஆள் என் செருப்பைத்தான் முதலில் பார்த்தான். எந்த ஊர் என்றான். ஹட்டன் என்றேன். “ஓ, தோட்டமா? அருமையான இடம். அங்க என்ன, எங்க வச்சு அமத்தினாலும் படம்தானே,” என்றான். அருமையான இடமாம். சொல்லும்போது கறுப்புத் துணியால் ஒரு ஃபில்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான், என் விரல் படுமுன்பே என் விரல் பட்டுவிட்டது போல.

அவன் விரித்துவைத்ததில் மூன்று ஸ்டாப், ஆறு ஸ்டாப், பத்து ஸ்டாப் என்று வட்டக் கண்ணாடிகள் இருந்தன. சதுரக் கண்ணாடிகளும் இருந்தன. சதுரம் வேண்டாம் என்றேன். அதைச் சொருகுகிற சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நம்மூர்ப் பனிமூட்டம் புகுந்து துளித்துளியாய் உட்கார்ந்துகொள்ளும், வெளிச்சமும் கசியும். மலிவான பத்து ஸ்டாப்பை லென்சில் வைத்து, கடைவாசலில் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் செம்பழுப்பாக வந்தது. தேயிலை மலையை இதில் எடுத்தால் மலை முழுக்க நோய் விழுந்தது போலத் தெரியும். அதற்கு மேலான ஒன்றை எடுத்தேன். அதில் வெள்ளை வெள்ளையாகவே வந்தது, கொஞ்சம் குளிர்ச்சி தட்டியது, அது பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம்.

“தண்ணிக்கு ஆறு போதுமே. பத்து எதுக்கு?” என்றான் அவன்.

“ஆளை மறைக்க,” என்றேன்.

அவன் சிரித்தான். நல்ல பகிடி என்று நினைத்திருப்பான். மூன்று, ஆறு, பத்து மூன்றையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கினிகத்தேனை தாண்டிக் குளிர் ஜன்னலில் அடித்தபோது அந்தப் பதில் வாயில் கசந்தது. விட்டுவிட்டேன்.

பரீட்சித்துப் பார்க்க அக்காவின் லயத்துக்குத்தான் போனேன். பின்னேரம், நல்ல வெளிச்சம். பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அக்கா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பீலிக்குப் பக்கத்தில் லயத்துக் கான். அதில் என்னென்ன ஓடுகிறது என்று விவரித்தால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். கழுவின தண்ணீர், சோற்றுப் பருக்கை, பிள்ளைகளின் மூத்திரம், கோழிச் செட்டை, இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அது போய் விழுகிற இடம்தான் மேனேஜர் பட்டு மாதிரி வேண்டும் என்று கேட்ட ஓடை. எதிர்ப்பக்கமிருந்து பங்களாவின் துணி வெளுக்கிற சவர்க்கார நுரையும் அதில்தான் விழுகிறது.

முதலில் ஆறு ஸ்டாப் போட்டேன். அக்கா இருந்தாள், ஆனால் ஆளாக இல்லை. யாரோ ஈரத் துணியால் அவளை இழுத்துத் துடைத்த மாதிரி ஒரு கறை இருந்தது. முகத்துக்குப் பதிலாக ஒரு வழிசல். பிறகு பத்து ஸ்டாப்பின் மேல் மூன்று ஸ்டாப்பையும் ஏற்றினேன். இரண்டையும் சேர்த்துத் திருகிவிட்டால் கமராவுக்குள் ஒன்றும் தெரியாது, அதனால் முதலே குறி பார்த்து, கூர்மையைப் பூட்டிவைத்துவிட்டுத்தான் திருக வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வாயைத் திறந்துவைத்தேன். படம் வந்தது. பீலி இருந்தது, கல் இருந்தது, வாளி இருந்தது, கல்லுக்குப் பக்கத்தில் தூங்குகிற நாய் மயிர் மயிராய் இருந்தது. அக்காவைக் காணோம். கான் மட்டும் பாலாய் ஓடியது. சத்தியமாகப் பால். கோழிச் செட்டை ஓடின கானா இது என்று கேட்கிற அளவுக்கு வெள்ளை, வழுவழுப்பு, அமைதி.

அக்கா கையை உதறிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“அடப்பாவி, என்னைய எங்கடா கொண்டுபோய்த் தொலைச்ச?”

“இந்தக் கண்ணாடி அப்படித்தான்க்கா. அசையிறதெல்லாம் காணாமப் போயிரும்.”

“நாய் இருக்கு, நான் இல்ல.”

“நாய் தூங்குது. நீ துணி தொவைக்கிற.”

“சீ! சாக்கடையப் பாரு, மினுமினுன்னு. கழுவுறவளக் காணோம், கழுவின தண்ணி மட்டும் பாலா ஓடுது. இதுக்கா கொழும்புக்குப் போன?” ஈரக் கையால் திரையில் தூங்குகிற நாயைத் தொட்டாள். “அப்ப அசையாம நின்னா?”

“நின்னா வருவ.”

“எம்புட்டு நேரம் நிக்கணும்?”

“ரெண்டு நிமிஷத்துக்கு மேல.”

“மூச்சு விடலாமா?”

“விடலாம்.”

“கண்ணு சிமிட்டலாமா?”

“சிமிட்டுக்கா. காலு நகரக்கூடாது, அம்புட்டுத்தான்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் தொழிலைப் பற்றி அக்கா அதுவரை இவ்வளவு கேட்டதில்லை. மறுநாள் காலையில் பங்களாப் புல்வெளியில் ட்ரைபொட் வைக்கப்போகிறேன் என்று சொன்னேன். “லயத்துல எல்லாருக்கும் சொல்லிரு. இது காணி அளக்குறது இல்ல, சும்மா போட்டோன்னு. இல்லாட்டி குருவிக்காரனுக்கு நின்ன மாதிரி எல்லாரும் போய் நின்னுருவாங்க.”

“சரி, சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைக் கானில் ஊற்றினாள்.

மறுநாள் காலை பெரட்டில் பேர் பதிந்து கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு பங்களாவுக்குப் போனேன். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் அந்தப் புல்லின் மேல் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். மேனேஜர் வெள்ளைக் கோப்பையில் தேநீர் தரச் சொன்னார். தேன் கலந்திருந்தார்கள். புல்வெளியின் ஓரத்தில் ட்ரைபொட்டை ஊன்றினேன். கீழே ஓடை, ஓடையோரம் பாத்திகள், அதற்கு மேல் தேயிலை, எல்லாவற்றுக்கும் மேலே பனிமூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. குறி பார்த்து முடித்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபோது மேனேஜர் என் தோள்பக்கம் வந்து நின்றார்.

“இந்தப் படம் சுவருக்கு மட்டும் இல்ல, தெரியுமா? முதல்ல கொழும்புக்குப் போகுது. பெரியவங்க பார்க்கணும். இந்தச் சரிவுல மரக் குடில் போடுற யோசனை இருக்கு. வரிசையா, ஒவ்வொண்டுக்கும் ஓடை தெரியிற மாதிரி. இடம் சும்மா கிடக்குன்னு அவங்களுக்கு ஒரு பார்வையில விளங்கணும்.”

“அங்க மரக்கறி போட்டிருக்காங்களே சேர். வீட்டுக் காணிக்குன்னு சொன்ன இடமாச்சே.”

“சொன்னது எல்லாம் நடக்குதா?” சிரித்தார். “நான் ஒண்டும் அவங்களுக்கு எதிரி இல்ல. ஆனா பாருங்க, ஆக்கள் தெரிஞ்சா அது ஒரு பிரச்சினை. ஆக்கள் தெரியாட்டி அது ஒரு இடம்.”

தேன் கலந்த தேநீர் தொண்டைக்கு ஏறி வந்தது. துப்புவதற்கு அந்தப் புல்லில் இடம் தேடினேன், அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்கள். இதற்காகத்தானா வெல்டிங் கண்ணாடி கட்டி, கொழும்புக்கு அலைந்து, வெள்ளை வெள்ளையாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன்? முன்பு ஆளில்லாத நேரம் பார்த்து வந்து ஆளில்லை என்று எழுதினார்கள். இப்போது ஆள் இருக்கும்போதே ஆளில்லை என்று காட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சீ என்று வந்தது. பத்து ஸ்டாப் கண்ணாடி கையில் இருந்தது. மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, லயத்துப் பக்கமிருந்து கூ என்று ஒரு குரல் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா சொல்லவில்லை. சொல்லச் சொன்னேனே, சொல்லவில்லை. லயத்திலிருந்து வயசானவர்களும் பிள்ளைக்காரிகளும் இறங்கினார்கள். மேலே மலையிலிருந்து பெண்கள் கூடையோடு தேயிலைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்தார்கள். வேலை வாங்குகிற கண்டாக்கு, மேலே நின்று கத்துவது இங்கேவரை கேட்டது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பாத்தியில் ஏறி, பங்களாவைப் பார்த்து நின்றார்கள். அக்கா ஓடையோரம் கரட் பாத்தியில் நின்றாள், முதுகில் கூடை, இடுப்பில் ஒரு கை. காணி அளக்க வந்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டு நிற்கிறார்களே, இந்த அப்பாவிச் சனம், என்று எனக்கு அவர்கள் மேலேயே கோபம் வந்தது.

“பார்த்தீங்களா? இதுதான் நான் சொன்னது,” என்றார் மேனேஜர். பங்களாக் காவல்காரரைக் கூப்பிட்டு விரட்டச் சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க எடுங்க. அதுக்குத்தானே கண்ணாடி. காணாமப் போயிருவாங்கதானே,” என்றார்.

அவர் அந்தக் கண்ணாடியை நம்பின மாதிரி எந்தச் சாமியையும் நம்பியிருக்கமாட்டார். எரிச்சலில், போய்த் தொலை என்று பத்தையும் மூன்றையும் திருகி, பொத்தானை அமத்தினேன். கமரா வாயைத் திறந்தது. காவல்காரர் தடியை ஆட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். இந்தப் பாத்திக்கு ஓடினார், அந்தப் பாத்திக்கு ஓடினார், சிங்களத்தில் திட்டினார், தமிழில் திட்டினார், கும்பிட்டும் பார்த்தார். ஒருத்தரும் நகரவில்லை. பனிமூட்டம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் லேசாகப் பொறி தட்டியது. காணி அளக்கிறவனுக்கு நிற்கும்போது இவர்கள் இப்படி நிற்பதில்லை. பேசுவார்கள், கையைக் காட்டுவார்கள், இது என்னுது என்று கத்துவார்கள். இன்று வாயைக்கூட அசைக்கவில்லை.

படம் திரையில் வந்தது. ஓடை பால். பனிமூட்டம் புகை. மலை உச்சியிலிருந்த சவுக்கு மரங்கள் காற்றில் கலங்கிப்போயிருந்தன. பாத்திக்குப் பாத்தி, நட்டுவைத்த கல்லாக, ஆட்கள் இருந்தார்கள். மூச்சு விட்டதில் தோள் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்தது, மற்றபடி ஆள் ஆளாகவே இருந்தார்கள். ஒருத்தரைத்தான் காணோம். விரட்டப் போன காவல்காரரை.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொன்று எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அதுவும் அப்படியே. அப்புறம் இன்னொன்று. பாத்தியில் ஒரு கிழவர் தடியை ஊன்றி நின்றார், தடியும் நகரவில்லை.

“சரி, கம்ப்யூட்டர்ல அழிச்சிருங்க,” என்றார் கடைசியில்.

“ஏலாது சேர்.”

“ஏன் ஏலாது? இப்ப சின்னப் பிள்ளைகள்கூடச் செய்யுதே.”

“ஏலும் சேர். நான் செய்யமாட்டேன். அந்தா ஓடையோரம் நிக்கிறது எங்க அக்கா.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். முகம் இளகியது. உண்மையாகவே இளகியது, அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. “அப்படியா? சொல்லியிருக்கலாமே. சரி, அவங்க ஒருத்தர் இருக்கட்டும். மத்தவங்களை மட்டும் எடுத்துருங்க. கூடையோட ஒரு ஆள் தூரத்துல நின்னா அதுவும் ஒரு வடிவுதான்.”

தூ! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் அக்காவை வடிவுக்கு வைத்துக்கொள்வானாம், மற்றச் சனத்தைத் துடைத்துவிட்டு. ட்ரைபொட்டை மடக்கித் தோளில் போட்டேன். ஈரத்தில் இரண்டு கண்ணாடியும் ஒன்றோடொன்று இறுகி லென்சிலேயே பிடித்துக்கொண்டன, கழற்ற வரவில்லை. அப்படியே கறுப்புக் கண்ணோடு கமராவைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டி வந்தேன். படம் கேட்டு அவர் பிறகும் போனில் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. அந்தச் சரிவில் குடில் இன்னும் எழும்பவில்லை. அது என் படம் போகாததாலா, அவர்கள் வேறு மலையைப் பார்த்துக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது. நாளைக்கே வேறொருவன் வேறொரு கண்ணாடியோடு வந்தாலும் வருவான்.

அன்றைக்குப் பின்னேரம் அக்காவின் காம்பராவுக்குப் போனேன். அவள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்கிட்ட என்ன சொன்னேன்? இது அளக்குறது இல்லன்னு எல்லாருக்கும் சொல்லச் சொன்னேனா இல்லியா?”

“சொன்னேனே.”

“சொன்னியா? அப்ப ஏன் வந்து நின்னாங்க?”

“அளக்குறது இல்ல, போட்டோன்னுதான் சொன்னேன். கறுப்புக் கண்ணாடி போட்டு எடுப்பான், அசைஞ்சா காணாமப் போயிருவோம், காலை மட்டும் நகத்தாதீங்கன்னு சொன்னேன். நீ சொன்னதுதானடா.”

அப்பாவிச் சனமாம். சொன்ன என் வாயைத்தான் கழுவ வேண்டும்.

“குடில் போடப்போறது உனக்குத் தெரியுமா?”

“பங்களாவுல சமைக்கிறவ எப்பவோ சொல்லிட்டா.”

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ எடுக்கமாட்ட. கோவக்காரன், தூக்கிப் போட்டுட்டுப் போயிருவ. அவங்க வேற எவனையாச்சும் கூட்டிட்டு வருவாங்க. அவன் என்ன கண்ணாடி போடுவான், எப்ப போடுவான், எங்களுக்கு என்ன தெரியும்? நீன்னா நாங்க நிக்கலாம்ல.” காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். “முழங்காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு குத்துது. அட்டை வேற ஏறிருச்சு. தட்டிவிட முடியல. எங்க, காட்டு.”

கமராவைக் கொடுத்தேன். லென்சில் அந்தக் கறுப்பு இன்னும் இறுகிக் கிடந்தது. அவள் திரையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு பாத்தியாக ஆளை அடையாளம் கண்டுகொண்டே வந்து, தன்னிடம் நின்றாள்.

“என் தலைத்துணியக் காணோம்டா.”

“காத்துல ஆடியிருக்கும்க்கா. அசைஞ்சது போயிரும்.”

“துணி போனாப் போவட்டும். காலைப் பாரு.”

வாங்கிப் பெரிதாக்கினேன். கரட் இலையெல்லாம் காற்றில் பச்சைப் புகையாகக் கலங்கியிருந்தது. அதற்கு நடுவில் சேற்று நிறத்தில், கடுகளவு, ஓரம் கலங்காமல் இரண்டு புள்ளி.

“இருக்குக்கா,” என்றேன். “ரெண்டு காலும் இருக்கு.”